மாவுக்கட்டு இறுகும் நேரம்

ஞாயிறு, பிற்பகல்

அன்பு மகள் உருண்டைக்கு அம்மா எழுதுவது. முப்பதைத் தொடப்போகிறவளை இன்னும் இப்படிக் கூப்பிடாதே என்று போன முறை கோபித்துக்கொண்டாய், பழகிய வாய் கேட்கவில்லை, பொறுத்துக்கொள். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்து, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகலாம், ஆனால் அது பொய், பொய் சொல்லிச் சொல்லி இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டது. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், பயப்படாமல் படி, யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ இரண்டு கேள்வி கேட்பாய், நான் அழுதுவிடுவேன், அப்பா நடுவில் வந்து போனை வாங்கி அங்கே வெயிலா மழையா என்று கேட்பார், விஷயம் அதோடு முடிந்துவிடும். காகிதத்தில்தான் என்னால் ஒரு காரியத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்ல முடிகிறது. இப்போது எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஓய்வு வேறு, அது ஏன் என்பதும் பின்னால் வரும்.

முதலில் உன் படம். ஆபீசுக்குப் போக ஸ்கேட்டிங் ஷூ வாங்கியிருக்கிறாய், பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்தே விடுகிறாய் என்று எழுதியிருந்தாய். படத்தில் நீ சிரிக்கிற சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன், அதை மறுக்கவில்லை. தலையில் ஹெல்மெட் இருக்கிறது, முழங்காலில் காப்பு இருக்கிறது, மணிக்கட்டில் ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருஷமாக எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுகிறவள் பெற்ற மகள் நீ, உனக்கே நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால் யாரிடம் போய் முட்டிக்கொள்வது. ஸ்கேட்டிங்கில் விழுகிறவர்கள் எல்லோரும் கையை ஊன்றித்தான் விழுகிறார்கள், மணிக்கட்டுத்தான் முதலில் போகும். உள்ளங்கைப் பக்கம் தகடு வைத்த காப்பு எல்லாக் கடையிலும் கிடைக்கிறதாம், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே வாங்கு. காதில் பாட்டு கேட்டுக்கொண்டு போகாதே. நின்றிருக்கிற வேனுக்குப் பின்னாலிருந்து சட்டென்று வெளியே வராதே. இதையெல்லாம் அம்மாவின் வழக்கமான புலம்பல் என்று ஒதுக்கிவிடாதே, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் என் மேஜையில் படுத்திருந்ததால் சொல்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி வாசல் சாலையில் போன வருஷம் ஓரமாகப் பச்சைப் பெயின்ட் அடித்து சைக்கிளுக்கு என்று தனித் தடம் போட்டார்கள் அல்லவா, நீ வந்தபோதுகூட நன்றாக இருக்கிறது என்றாய். நடைபாதையில் பாதி ஓடு பெயர்ந்து கிடப்பதால் ஸ்கேட்டிங் போகிறவர்களும் அந்தத் தடத்துக்கே வந்துவிட்டார்கள். சைக்கிள்காரர் நேர்கோட்டில் போகிறவர், ஸ்கேட்டிங்காரர் இரண்டு பக்கமும் காலை வீசினால்தான் முன்னே நகர முடியும், அந்த வீச்சுக்கு அகலம் வேண்டும் என்று சைக்கிள்காரருக்குத் தெரியாது, சைக்கிள் சட்டென்று ஒதுங்காது என்று இவர்களுக்குத் தெரியாது. போன மாதம் மட்டும் பதினொரு ஜோடி வந்தார்கள். ஜோடி என்றால் சிரிக்காதே, அப்படித்தான் வருகிறார்கள், ஒருவர் மணிக்கட்டோடு, இன்னொருவர் தோள்பட்டை எலும்போடு, ஒரே பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து உடையாத கையை நீட்டி நீட்டிச் சண்டை போடுகிறார்கள். உள்ளே வருகிற ஆளைப் பார்த்தாலே நான் சொல்லிவிடுவேன், கையை ஊன்றி விழுந்தது யார், கைப்பிடியைத் தாண்டித் தோளில் விழுந்தது யார் என்று. எக்ஸ்ரே எடுக்கிற அண்ணன்கூட, படம் எடுக்கறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்டுட்டா எனக்கு மின்சாரம் மிச்சம் என்பார். அந்தப் பெருமைக்குத்தான் இந்த மாதம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பதினெட்டு நாளைக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, காலை பதினொன்று இருக்கும். ஒரு பெண் வந்தாள், உன்னைவிட நாலைந்து வயது சின்னவள். கூரியர் ஆபீசில் வேலை, முதுகுப் பையில் கவர்களைப் போட்டுக்கொண்டு கட்டடத்துக்குக் கட்டடம் ஸ்கேட்டிங்கிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறவள். ஷூவைக் கழற்றி இடது கையில் தொங்கவிட்டுக்கொண்டு, வெறும் காலுறையோடு நடந்து வந்தாள், அதைப் பார்த்ததுமே எனக்கு உன் ஞாபகம். வலது மணிக்கட்டு வளைந்த முள்கரண்டி மாதிரி இருந்தது. எலும்பு டாக்டர் மரக்க ஊசி போட்டு, இழுத்து, எலும்பை நேராக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார், மீதி என் வேலை. உனக்குச் சொல்லியிருக்கிறேனோ என்னவோ, மாவுக்கட்டு என்றால் ஈரப் பட்டையைச் சுற்றுவது இல்லை, சுற்றுவதை யார் வேண்டுமானாலும் சுற்றலாம். சுற்றிய பிறகு மாவு இறுகும் வரை மூன்று இடத்தில் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், அந்தப் பிடிதான் எலும்பை வைத்த இடத்தில் வைத்திருக்கும். ஐந்து நிமிஷம். மாவு முதலில் சூடாகும், அப்புறம் கல்லாகும். நடுவில் பிடி இளகிவிட்டால் மறுபடி அழுத்தக் கூடாது, வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், அது எங்கள் அறையின் சட்டம். அந்த ஐந்து நிமிஷத்தில்தான் எல்லோரும் மனம்விட்டுப் பேசுவார்கள், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பேசாமல் இருக்க யாராலும் முடிவதில்லை.

அந்தப் பெண்ணும் பேசினாள். நின்றிருந்த வேனைத் தாண்டி வந்தாளாம், எதிர்ப்பக்கத்திலிருந்து, வரக்கூடாத திசையில், ஒரு வயதானவர் சைக்கிளில் வந்தாராம், கைப்பிடி இவள் கையில் கொக்கி போட்ட மாதிரி மாட்டி இருவரும் விழுந்தார்களாம். அவர் எழுந்து, பார்த்து வரக்கூடாதாம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கூட்டம் சேர்ந்துகொண்டிருக்கும்போதே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயேவிட்டாராம். முகம் சரியா ஞாபகமில்லைக்கா, நான் கீழே கிடந்தேன்ல, என் கண்ணுக்கு நேரா அவர் பைதான் தொங்குச்சு, ஊதாப் பூப் போட்ட துணி, மஞ்சள் பறவை, ஒரு பறவைக்கு மட்டும் கண் இருக்கற இடத்துல கறுப்புப் பட்டன் தைச்சிருந்தது, அதையே பார்த்துட்டுக் கிடந்தேன் என்றாள். உருண்டை, உன் அறைத் திரைச்சீலை ஞாபகம் இருக்கிறதா. ஏழு வயதில் கத்தரிக்கோலால் ஒரு பறவையின் கண்ணைத் தோண்டிவிட்டு, நான் இல்லை என்று நீ சாதித்தாயே, அந்த ஓட்டையில் நான்தான் பட்டன் தைத்தேன். திரை நைந்த பிறகு அதே துணியில் அப்பாவுக்குச் சைக்கிள் பை தைத்துக் கொடுத்ததும் நான்தான். உலகத்தில் அப்படி ஒரு பை இரண்டு இருக்க வழியில்லை.

என் கை இளகிவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ. மாவு நன்றாகச் சூடாகியிருந்த நேரம், இளகவே கூடாத நேரம். சுதாரித்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன், அது அதற்குள் பாதி கல்லாகியிருந்தது. அப்போதே வெட்டி எடுத்திருக்க வேண்டும். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள், அந்தப் பெண் நடுங்கிக்கொண்டிருந்தாள், எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்குப் போன் பண்ணி அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வேண்டும் என்று என் மனம் பறந்தது. அதுக்கென்ன, சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கட்டின்மேல் தேதியை எழுதி அனுப்பிவிட்டேன். அப்போது எடுத்த படத்திலும் எலும்பு நேராகத்தான் தெரிந்தது, நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். போன் பண்ணினேன், எடுத்து, சொல்லு என்றார், குரல் மட்டும் ஒரு மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தால் உன் அப்பா வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். குளியலறையில் வழுக்கிவிட்டதாம். கெண்டைக்காலில் சங்கிலி எண்ணெய், சட்டையில் சாலை மண், பையைக் காணவில்லை. இருபத்திரண்டு வருஷம் இதே வேலை பார்த்தவளிடம் சொல்கிற பொய்யா இது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அதுவும் என் தப்புத்தான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், குளியலறை என்று அவர் சொல்ல, டாக்டர் குளியலறை என்று எழுத, நான் பக்கத்தில் பொம்மை மாதிரி நின்றேன். தோள்பட்டை எலும்பு விரிசல் இல்லை, முழுசாக முறிந்திருந்தது. எக்ஸ்ரே அண்ணன் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்னக்கா, உங்க பாத்ரூம்ல சைக்கிள் ஓடுதா என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அப்பாவின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. அன்றிலிருந்து கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். வீடியோவில் நீ பார்த்தபோது ஏன் அப்பா துண்டைப் போர்த்தியிருக்கிறார் என்று கேட்டாயே, குளிர் என்றோம், அதுவும் பொய்.

துணிகளுக்கு அடியில் அந்தப் பையைச் சுருட்டி ஒளித்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை அதை எடுத்து மேஜையில் வைத்தேன். அப்புறம்தான் வாயைத் திறந்தார். ரொட்டிக் கடையிலிருந்து நம் தெரு முனை நூறு அடிகூட இல்லை, சரியான பக்கமாக வர வேண்டும் என்றால் சிக்னல்வரை போய் இரண்டு முறை சாலையைக் கடக்க வேண்டும், அதனால் தினமும் அந்த நூறடியை எதிர்த்திசையில்தான் வருவாராம். தினமும்! லைசென்ஸ் ஆபீசில் முப்பத்திமூன்று வருஷம் பரீட்சை வைத்தவர், திரும்பும்போது கை காட்டவில்லை என்று ஆளைத் திருப்பி அனுப்பியவர், பெற்ற மகளையே இரண்டு முறை தோற்கடித்தவர். ஊரே அவரை அடுத்த மாசம் சார் என்று கூப்பிடுகிறது, அவர் எல்லோரிடமும் சொன்னது அதைத்தானே, அடுத்த மாசம் வாங்க என்று. விழுந்து எழுந்தபோது கூட்டத்தில் யாரோ, இவரு அடுத்த மாசம் சார் மாதிரி இருக்காரே என்றார்களாம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கால் நிற்கவில்லை என்றார். எலும்பு முறிந்த தோளோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடுவரை வந்திருக்கிறார். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் சாலையில் கிடந்த பெண்ணையும் நான் பார்த்திருக்கிறேனே, முழுசாகப் பாவப்பட முடியவில்லை.

அதற்குள் அந்தப் பெண்ணின் கஷ்டம் இன்னொரு பக்கம் வளர்ந்திருந்தது. அவள் ஆபீசில், நீயாக விழுந்திருந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம், யாராவது மோதியிருந்தால் கை சேரும் வரை உன் இடம் உனக்கு, அதற்கு மோதியவரோ பார்த்தவரோ இரண்டு வாரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்களாம். கூட்டம் போட்டவர்களில் ஒருவரையும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டு இறுக்கமாக இருக்கிறதா பார்க்க அந்தச் சனிக்கிழமை வந்தபோது என்னிடம் இதைச் சொன்னாள். வீட்டுக்கு வந்து உன் அப்பாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டேன். போறேன், அடுத்த வாரம் போறேன், கை கொஞ்சம் ஆறட்டும் என்றார். இத்தனை பேரை அடுத்த மாசம் வரச் சொன்னீங்களே, அந்தப் பொண்ணோட வேலை அடுத்த மாசம்வரைக்கும் நிக்காதுங்க என்றேன். காலையிலும் சொன்னேன், சாப்பிடும்போதும் சொன்னேன், அவருக்குச் சட்டை மாட்டிவிடும்போதும் சொன்னேன். ஐந்து நாள் இப்படியே போனது. என்னைப் போல நேர்மையானவள் இந்த ஊரில் இல்லை என்ற நினைப்பில் அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வியாழக்கிழமை அவளுக்கு மறு எக்ஸ்ரே. எக்ஸ்ரே அண்ணன் வழக்கம்போல விளையாடவில்லை, படத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எலும்பு நகர்ந்திருந்தது. நான் பிடியை விட்ட இடத்தில், விட்ட பக்கமாகவே சாய்ந்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, சில எலும்பு இப்படித்தான், யாரையும் குறை சொல்ல முடியாது, ஆபரேஷன் பண்ணித் தகடு வைக்கணும், ஞாயிறு சாயங்காலம் வந்து சேர்ந்துடும்மா என்றார். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. டாக்டர் போன பிறகு அந்தப் பெண் என்னைத்தான் கேட்டாள், அக்கா, நான்தான் ஏதாவது தப்பா அசைச்சுட்டேனா, தூங்கும்போதுகூட தலையணையோட சேர்த்துக் கட்டிக்கிட்டுத்தானே தூங்கினேன் என்றாள். இல்லம்மா என்றேன். காரணத்தைச் சொல்லவில்லை. அன்று கால் கடுக்க வீட்டுக்கு நடந்தே வந்தேன், பஸ் ஏறத் தோன்றவில்லை.

வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பை, பிடி, ஒரு நிமிஷம், படம், அவள் கேட்டது, எல்லாம். நீ யார்கிட்டயும் வாயத் திறக்காத, டாக்டரே ஒண்ணும் சொல்லலைல்ல, இருபத்திரண்டு வருஷ வேலை, ஒரு நிமிஷத்துக்காகப் போயிடக் கூடாது என்றார். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்டபோதுதான் உறைத்தது, அவர் தன் விஷயத்தில் எட்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் இதேதானே, முப்பத்திமூன்று வருஷப் பேர் நூறடிக்காகப் போயிடக் கூடாது என்று. அவரைப் போட்டு வறுத்த வாயால் எனக்கு நானே என்ன சொல்லிக்கொள்வது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெண்ணின் ஒரே கையை உடைத்திருக்கிறோம், அவர் ஒரு தடவை, நான் ஒரு தடவை. அவள் என்னவோ தன் தூக்கத்தைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள். நான் காலையில டாக்டர்கிட்ட சொல்லப்போறேன், நீங்க உங்க இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. ஏன் அன்னிக்கே வெட்டலை என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மேலே எழுதித்தான் ஆகணும் என்றார், எழுதுங்க சார் என்றேன். விசாரணை முடியும்வரை கட்டு அறையில் வேலை செய்யக் கூடாது என்று என்னைப் பதிவு மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள், வருகிறவர்களின் பெயரும் வயதும் எழுதுகிறேன், ஞாயிறு விடுமுறை. அறைக்கு வெளியே அந்தப் பெஞ்ச் எனக்கு நேர் எதிரே, சண்டைச் சத்தம் எல்லாம் கேட்கிறது, எழுந்து போக முடியாது. அந்தப் பெண்ணிடம் நானே சொல்கிறேன், ஞாயிறு சாயங்காலம்வரை பொறுங்கள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன்.

போன ஞாயிறு சாயங்காலம் கிளம்பும்போது பார்த்தால் உன் அப்பா வெள்ளைச் சட்டையை எடுத்து, இடது கையை நுழைத்துக்கொண்டு, மற்றப் பக்கத்தை நான் மாட்டிவிடுவதற்காக வாசலில் நிற்கிறார். பையையும் எடுத்து மடித்து அக்குளில் வைத்திருந்தார். வார்டில் அவள் கடைசிக் கட்டிலில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த ஆரஞ்சை ஒற்றைக் கையால் உரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பையை விரித்துக் கட்டில்மேல் வைத்தார். அவ்வளவுதான், வேறு முன்னுரை எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பட்டனை ரொம்ப நேரம் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள், துணியில் தொங்குகிற கையைப் பார்த்தாள். உங்களுக்கும் உடைஞ்சுதா என்றாள். ஆமாம்மா, தப்பு என் மேலதான், நான் எதிர்ப்பக்கம் வந்தேன், நிக்காமலும் போயிட்டேன் என்றார். அந்தக் குரலை நாற்பது வருஷத்தில் நான் கேட்டதில்லை. அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை, அதை நாங்கள் எதிர்பார்க்கவும் கூடாது. பார்த்து வரக்கூடாதான்னு சொல்லிட்டுப் போனீங்களே, அதைத்தான் தினமும் நினைச்சுட்டு இருந்தேன், நான்தான் பார்க்கலையோன்னு என்றாள்.

அடுத்து என் முறை. மாவு சூடாக இருந்தபோது என் பிடி விட்டுப்போச்சும்மா, அதனாலதான் எலும்பு நகர்ந்திருக்கு, நான் அப்பவே வெட்டிப் புதுசா போட்டிருக்கணும், போடலை என்றேன். அவள் என்னைத் திட்டுவாள், வெளியே போகச் சொல்லுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு நின்றேன். அவள் கேட்டது ஒன்றுதான், அப்போ நான் அசைக்கலையா என்று கேட்டாள். நீ அசைக்கவே இல்லம்மா என்றேன். அப்போதுதான் அழுதாள், எலும்பை இழுத்து நேராக்கினபோதுகூட அழாதவள். நான் ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள், ஆனால் சாப்பிடவில்லை, பக்கத்தில் வைத்துவிட்டாள். அழுது முடித்துவிட்டு, ஆபீசுக்கு எழுதிக் கொடுங்க, புதன்கிழமை கெடு என்றாள். ஒரு தாளும் பேனாவும் வாங்கிவந்தேன். யார் எழுதுவது. அவள் வலது கை மாவுக்கட்டில், அப்பாவின் வலது கை துணியில். அங்கே இருந்த மூன்று பேரில் எழுதக்கூடிய வலது கை என்னுடையது ஒன்றுதான், பிடியை விட்ட அதே கை. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன், கீழே அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதின மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை ஆபரேஷன் முடிந்தது. விரல்கள் எல்லாம் அசைகின்றன. மணிக்கட்டு முன்போல முழுசாக வளையுமா என்பது மூன்று மாதம் போனால்தான் தெரியும் என்கிறார் டாக்டர். ஆபீசில் தாளை ஏற்றுக்கொண்டு அவள் இடத்தை அவளுக்கே வைத்திருக்கிறார்கள், அது ஒன்றுதான் இந்த மாதத்தில் நடந்த நல்ல காரியம். அப்பா காவல் நிலையத்திலும் போய் எழுதிக் கொடுத்துவிட்டார், கூப்பிட்டு அனுப்பினால் போக வேண்டும். என் விசாரணை எப்போது என்று தெரியவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தால் தலையசைக்கிறாள், அக்கா என்று இன்னும் கூப்பிடவில்லை, கூப்பிடும்போது கூப்பிடட்டும். நீ வாங்கிக் கொடுத்த சைக்கிளை அப்பா துடைத்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார், ரொட்டிக் கடைக்கு நடந்தே போகிறார், சிக்னல்வரை போய், இரண்டு முறை சாலையைக் கடந்து. மற்றபடி மேல்வீட்டுத் தையல்காரர் காலி பண்ணிப் போய்விட்டார், தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது, உன் புத்தக அலமாரியின் கீழ்த் தட்டில் கரையான் வந்து மருந்து அடித்தோம், புத்தகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் காலும் மனமும் ஓய்ந்துபோய்க் கிடக்கின்றன, ஆனால் இரண்டு வாரமாக வராத தூக்கம் இப்போது வருகிறது.

இதைப் படித்துவிட்டு உடனே டிக்கெட் போட்டுக் கிளம்பி வராதே, வந்து செய்ய ஒன்றுமில்லை. அப்பாவிடம் போனில் இதைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவராகச் சொல்லட்டும். மணிக்கட்டுக் காப்பு வாங்கினதும் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு, அதைப் பார்க்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை. எத்தனை ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒரு நாள் யார்மேலாவது மோதிவிடுவாய், இல்லை யாராவது உன்மேல் மோதுவார்கள், சாலை என்றால் அப்படித்தான். உன்மேல் மோதுகிறவர் நிற்கிறவராக இருக்க வேண்டும் என்று நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீ மோதினால், வலி யாருக்கு, தப்பு யார்மேல் என்று பார்க்காதே, முதலில் நின்றுவிடு. உடம்பில் ஒரு கீறல் இல்லாமல், நீண்ட ஆயுளோடு, நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். கடிதத்தை மூடுவதற்கு முன் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன், ஒரு சொல்லையும் அடிக்கச் சொல்லவில்லை. கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனாவை வாங்கியிருக்கிறார், இடது கை, கால் மணி நேரமாக எழுதிக்கொண்டிருக்கிறார்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

அம்மா எழுதியது எல்லாம் உண்மை. நான் நிற்கவில்லை. அப்பா.